தெளிந்த நீரும் தெரியாத நஞ்சும்

கலங்கிய நீரைத் தெளிய வைக்கும் முறையைத் தமிழர் நெடுங்காலமாக அறிந்திருந்தனர். தேற்றாங்கொட்டையை மட்பாண்டத்தின் உட்புறத்தில் உரைத்து, அதில் நீரை ஊற்றி வைத்தால், சிறிது நேரத்தில் சேறு அடியில் படிந்து நீர் தெளிந்து நிற்கும். மனக்கலக்கம் தீர்ந்ததற்கு இச்செயலை உவமையாகக் கூறும் பாட்டொன்று கலித்தொகையில் உண்டு. தெளிந்த நீரே நல்ல நீர் என்னும் எண்ணம் இவ்வாறு மக்கள் உள்ளத்தில் ஆழப் பதிந்துவிட்டது.

அவ்வெண்ணம் முற்றும் சரியன்று என்பதை உலகுக்கு உணர்த்திய நாடு பங்களாதேஷ். அந்நாட்டுச் சிற்றூர்களில் குளத்து நீரையும் ஆற்று நீரையும் குடித்த குழந்தைகள் வாந்திபேதியாலும் வயிற்றுப்போக்காலும் பெருந்தொகையாக மாண்டு வந்தனர். அதைத் தடுக்கும் நல்ல நோக்கத்துடன் 1970களிலிருந்து இலட்சக்கணக்கான குழாய்க் கிணறுகள் தோண்டப்பட்டன. கைப்பம்பை அழுத்தியதும் பளிங்கு போன்ற நீர் வந்தது. அதில் சேறும் இல்லை, கிருமியும் இல்லை. ஆயினும் ஆண்டுகள் சில சென்றபின், மக்களின் மார்பிலும் முதுகிலும் கரும்புள்ளிகள் தோன்றின. உள்ளங்கையும் உள்ளங்காலும் தடித்துக் கரடுமுரடாயின. எல்லைக்கு அப்பால், மேற்கு வங்காளத்தில், 1980களின் தொடக்கத்திலேயே மருத்துவர்கள் இந்நோயைக் கண்டறிந்தனர். பங்களாதேஷில் கிணற்று நீரே இதற்குக் காரணம் என்பது 1993இல் உறுதியாயிற்று. அந்நீரில் கரைந்திருந்தது ஆர்சனிக் என்னும் நஞ்சு.

உலகச் சுகாதார நிறுவனத்தின் இதழில் 2000ஆம் ஆண்டில் வெளிவந்த கட்டுரை ஒன்று, அந்நாட்டின் 12½ கோடி மக்களுள் 3½ கோடி முதல் 7 கோடியே 70 இலட்சம் வரையிலானோர் இவ்வபாயத்துக்கு உட்பட்டிருந்ததாகக் கணக்கிட்டது. வரலாற்றில் ஒரு மக்கட் கூட்டத்துக்கு நேர்ந்த நச்சுப் பாதிப்புகளில் இதுவே மிகப் பெரியது என்றும் அக்கட்டுரை கூறிற்று.

இத்தகைய நஞ்சை நீரிலிருந்து பிரித்தெடுக்கும் ஆற்றல் விலையுயர்ந்த இயந்திரங்களுக்கு மட்டும் உரியதன்று. மனிதன் காலடியில் கிடக்கும் மண்ணுக்கும் கல்லுக்கும் அவ்வாற்றல் உண்டு. அது எவ்வாறு இயல்கிறது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கன உலோகங்கள்

ஈயம், பாதரசம், காட்மியம் முதலியவற்றைக் கன உலோகங்கள் என்பர். ஆர்சனிக் முழு உலோகமன்று. உலோகத்துக்கும் அலோகத்துக்கும் இடைப்பட்டது. எனினும் நீரில் அது செய்யும் தீங்கை நோக்கி அதனையும் இவ்வரிசையிலேயே சேர்த்துப் பேசுவது வழக்கம். தமிழருக்கும் இது புதிய பொருளன்று. சித்த மருத்துவத்தில் கூறப்படும் அரிதாரமும் மனோசிலையும் ஆர்சனிக்கும் கந்தகமும் கூடிய கனிமங்களே. வெள்ளைப் பாடாணம் என்பது ஆர்சனிக்கும் ஆக்சிஜனும் கூடிய பொருள்.

இவ்வுலோகங்களின் கொடுமை, அவை சிறுகச் சிறுக உடலில் செய்யும் வேலையில் உள்ளது. ஒருநாள் குடித்தால் ஒன்றும் தோன்றாது. பல ஆண்டுகள் குடித்தபின் நோய் வெளிப்படும். ஜப்பானில் தொயாமா மாநிலத்து ஜின்சூ ஆற்றில் சுரங்கக் கழிவின் காட்மியம் கலந்தது. அந்நீர் பாய்ந்த வயலில் விளைந்த அரிசியை உண்டவர்களின் எலும்புகள் வலுவிழந்து முறிந்தன. வலியால் அவர்கள் கதறிய கதறலே நோயின் பெயராயிற்று. அந்நோய்க்குக் காரணம் காட்மியமே என்பதை ஜப்பானிய அரசு 1968இல் ஏற்றுக்கொண்டது. அதே நாட்டில் மினமாத்தா என்னும் ஊரில் ஆலைக் கழிவின் பாதரசம் கடலில் கலந்து, மீன் வழியாக மக்களின் நரம்புகளைத் தாக்கிய செய்தி 1956இல் வெளிவந்தது. மலேசியாவுக்கு அண்மையிலும் இதற்குச் சான்று உண்டு. தாய்லாந்தின் தென்பகுதியில் ஈயச் சுரங்கத் தொழில் அன்று, வெள்ளீயச் சுரங்கத் தொழில் நடைபெற்ற ரோன் பிபூன் வட்டாரத்தில், கனிமக் கழிவிலிருந்து ஆர்சனிக் கிணற்று நீரில் இறங்கியது. 1987இல் அங்கே நோயாளிகள் கண்டறியப்பட்டனர்.

எவ்வளவு இருந்தால் தீங்கு? குடிநீர் ஒரு லிட்டரில் ஆர்சனிக் 10 மைக்ரோகிராமுக்கு மேற்படக்கூடாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு. ஈயத்துக்கும் அதே அளவுதான். காட்மியத்துக்கு 3 மைக்ரோகிராம். ஒரு கிராமின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கே ஒரு மைக்ரோகிராம். அஃதாவது, ஒரு கிராம் ஆர்சனிக்கை 1,00,000 லிட்டர் நீரில் கரைத்தால் இந்த எல்லை வந்துவிடும். நாவுக்கும் மூக்கிற்கும் கண்ணுக்கும் இது புலப்படுவது எங்ஙனம்?

காய்ச்சினால் போதாதா?

நீரைக் காய்ச்சிக் குடித்தால் எல்லாத் தீங்கும் நீங்கும் என்று பலர் நம்புகின்றனர். காய்ச்சுவதால் கிருமிகள் மடியும் என்பது உண்மை. உலோகமோ உயிரற்றது, மடிவதற்கு அதில் உயிரில்லை. நீர் ஆவியாகிக் குறையும்போது உலோகம் பானையிலேயே தங்கிவிடுவதால், எஞ்சிய நீரில் அதன் செறிவு முன்னினும் சற்று மிகுதியாகும். குளோரின் மருந்தும் கிருமியைக் கொல்வதேயன்றி உலோகத்தை நீக்குவதன்று. துணியில் வடிகட்டுவதும் பயன்படாது. நீரில் கரைந்த உலோகம் துகளாக மிதப்பதில்லை. தனித்தனி அயனிகளாக, மின்னூட்டம் பெற்ற நுண்பொருள்களாக, நீரோடு நீராய்க் கலந்திருக்கும். துணியின் கண் எத்துணை நெருக்கமாயினும் அயனிக்கு அது அகன்ற வாயிலே.

ஆகவே, சல்லடை போட்டுச் சலிக்கும் முறை இங்கே செல்லாது. அயனியைத் தன்பால் இழுத்துப் பிடித்துக்கொள்ளும் பொருள் ஒன்று வேண்டும்.

பரப்புக் கவர்ச்சி

பஞ்சு நீரை உறிஞ்சும்போது நீர் பஞ்சின் உள்ளே முழுவதும் பரவுகிறது. இதனை உட்கவர்ச்சி என்பர். கரும்பலகையில் எழுதும்போது வெண்கட்டியின் தூள் பலகையின் மேற்புறத்தில் மட்டும் பற்றிக்கொள்கிறது, மரத்தினுள்ளே புகுவதில்லை. ஒரு பொருளின் மேற்பரப்பில் மட்டும் மற்றொன்று இவ்வாறு பற்றி நிற்பதைப் பரப்புக் கவர்ச்சி என்பர். கனிமங்கள் உலோகத்தைப் பிடிப்பது பெரும்பாலும் இவ்வகையிலேயே.

பிடிக்கும் இடம் மேற்பரப்பே என்றால், மேற்பரப்பு மிகுதியாக உள்ள பொருளே மிகுதியாகப் பிடிக்கும். ஒரு சென்டிமீட்டர் பக்கமுள்ள கனசதுரக் கல் ஒன்றின் ஆறு முகங்களின் மொத்தப் பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அதனை ஒரு மில்லிமீட்டர் பக்கமுள்ள கனசதுரங்களாக வெட்டினால் 1,000 துண்டுகள் கிடைக்கும். மொத்தப் பரப்பு 60 சதுர சென்டிமீட்டர் ஆகும். ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கு பக்கமுள்ள துகள்களாக்கினால், பரப்பு 6 சதுர மீட்டராகப் பெருகும். கல் அதே கல்; எடையும் அதே எடை. பெருகியது பரப்பு மட்டுமே. துகளுக்குள்ளும் நுண்துளைகளும் இடுக்குகளும் இருந்தால் பரப்பு இன்னும் பன்மடங்காகும்.

களிமண்ணும் கொதிக்கும் கல்லும்

மண்ணின் இவ்வாற்றல் முதலில் உழவுத் தொழிலிலேயே தெரியவந்தது. இங்கிலாந்தில் வே என்னும் வேதியியல் அறிஞர், தாம்சன் என்பவரின் சோதனைகளைப் பின்பற்றி ஆராய்ந்து, 1850இல் தம் முடிவுகளை வெளியிட்டார். அம்மோனியம் சல்பேட் என்னும் உரத்தின் கரைசலை மண்ணில் ஊற்றினால், கீழே வடிந்தது அம்மோனியம் சல்பேட் அன்று; கால்சியம் சல்பேட். மண் அம்மோனியத்தைத் தன்னிடம் வைத்துக்கொண்டு, அதற்கு ஈடாகத் தன்னிடமிருந்த கால்சியத்தைக் கொடுத்துவிட்டது. இப்பண்டமாற்றே அயனிப் பரிமாற்றம் எனப்படும். மழைநாட்டு மண்ணில் இட்ட உரம் முழுவதும் ஒரே மழையில் கரைந்து ஓடிவிடாமல் இருப்பதற்கும் இதுவே ஒரு காரணம்.

களிமண் இப்பண்டமாற்றைச் செய்வதற்கு அதன் அமைப்பே காரணம். மான்ட்மோரில்லோனைட் என்னும் களிமக் கனிமம், பிரான்சு நாட்டு மான்ட்மோரில்லோன் என்னும் ஊரின் பெயரால் 1847இல் பெயர் பெற்றது. பென்டோனைட் களிமண்ணில் நிறைந்திருப்பது இதுவே. புத்தகத்தின் ஏடுகள்போல் மெல்லிய தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி அமைந்தது இது. தகட்டில் அலுமினியம் இருக்கவேண்டிய சில இடங்களில் மக்னீசியம் அமர்ந்திருக்கும். அலுமினியத்தின் நேர்மின்னூட்டம் மூன்று, மக்னீசியத்துக்கோ இரண்டுதான். அதனால் தகட்டில் எதிர்மின்னூட்டம் எஞ்சி நிற்கிறது. அதனை ஈடுசெய்ய, சோடியம், கால்சியம் போன்ற நேரயனிகள் ஏடுகளுக்கிடையே தங்கியிருக்கின்றன. ஈய அயனி கலந்த நீர் அங்கே புகுந்தால், ஈயம் அவற்றை வெளியேற்றித் தான் அமர்ந்துகொள்ளும். ஏடுகளின் இருபுறத்தையும் கணக்கிட்டால், இக்கனிமத்தில் ஒரு கிராமின் பரப்பு சுமார் 700 சதுர மீட்டர் வரும்.

சியோலைட் என்பது மற்றொரு வகை. சுவீடன் நாட்டுக் கனிம அறிஞர் குரோன்ஸ்டெட், 1756இல் ஒரு கல்லைச் சூடாக்கியபோது அது நுரைத்துக் கொதிப்பதுபோல் ஆவி விட்டது. கிரேக்க மொழியில் ‘கொதிக்கும் கல்’ எனப் பொருள்படும்படி அவர் அதற்குச் சியோலைட் என்று பெயரிட்டார். அக்கல்லின் உள்ளே கூடுகளும் வழிகளும் ஒழுங்காக அமைந்திருக்கின்றன. அவற்றில் தங்கிய நீரே சூட்டில் ஆவியாய் வெளிவந்தது. எரிமலைச் சாம்பல் படிந்து மாறிய பாறைகளில் கிடைக்கும் கிளினோப்டிலோலைட் இவ்வினத்தில் மிகுதியாகப் பயன்படுவது. இதன் கூடுகள் எல்லா அயனிகளையும் ஒன்றுபோல் வரவேற்பதில்லை. ஈயத்தை விரும்பிப் பற்றும்; காட்மியம், துத்தநாகம் ஆகியவற்றைக் குறைவாகவே பற்றும். கதிர்வீச்சுடைய சீசியத்தைப் பிடிப்பதிலும் இது வல்லது. ஜப்பானில் ஃபுகுஷிமா அணுமின் நிலைய விபத்து 2011இல் நேர்ந்தபின், கதிர்வீச்சு கலந்த நீரிலிருந்து சீசியத்தைப் பிரிக்கச் சியோலைட் பயன்பட்டது.

செம்புரைக்கல்லின் சிறப்பு

களிமண்ணும் சியோலைட்டும் ஈயத்தைப் பிடிப்பதுபோல் ஆர்சனிக்கையும் பிடிக்குமா எனின், பிடிப்பது அரிது. ஆக்சிஜனோடு கூடிய ஆர்சனிக், நீரில் ஆர்சனேட் என்னும் எதிரயனியாக உலவுகிறது. எதிர்மின்னூட்டம் கொண்ட தகடு எதிரயனியைத் தள்ளுமேயன்றி இழுக்காது. ஆகவே ஆர்சனிக்கிற்கு வேறு பொருள் வேண்டும். அப்பொருள் இரும்பின் துரு.

வெப்பநாடுகளில் மழையும் வெயிலும் மாறிமாறித் தாக்கி, பாறையிலிருந்து கரையக்கூடிய பொருள்களையெல்லாம் நீர் அரித்துச் சென்றபின், இரும்பு ஆக்சைடும் அலுமினிய ஆக்சைடும் எஞ்சிச் செந்நிறக் கல்லாக நிற்கும். இதுவே செம்புரைக்கல். கேரளத்தில் அங்காடிப்புரம் என்னும் ஊரில் இதனைக் கண்ட பிரான்சிஸ் புக்கானன், 1807இல் வெளியிட்ட நூலில் ‘லேட்டரைட்’ என்று பெயரிட்டார். செங்கல்லைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. தோண்டும்போது மென்மையாக இருந்து, காற்றுப்பட்டதும் இறுகுவதால், செங்கல்லுக்குப் பதிலாக அங்கே வீடு கட்டப் பயன்பட்டது. மலாக்காவில் போர்த்துகீசியர் 1511இல் கட்டத் தொடங்கிய கோட்டையின் எஞ்சிய வாயிலைக் கண்டவர்கள் இக்கல்லைக் கண்டவர்களே. தோட்டத்துச் செம்மண் சாலைகளுக்கு நிறம் தந்ததும் இவ்வினமே.

இரும்பு ஆக்சைடின் மேற்பரப்பில் ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் இணைந்த குழுக்கள் நிரம்பியுள்ளன. ஆர்சனேட் அங்கே வந்து சேர்ந்ததும், அக்குழுக்களை விலக்கி இரும்போடு நேரே பிணைந்துகொள்கிறது. இது மின்கவர்ச்சியால் மட்டும் ஒட்டியிருப்பதன்று, வேதிப் பிணைப்பு. ஆதலால் எளிதில் விடுபடாது. காரக்பூரிலுள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில், செம்புரைக்கல்லை அமிலத்தாலும் காரத்தாலும் பதப்படுத்தி, அதன் கவரும் ஆற்றலைப் பெருக்கி, மேற்கு வங்காள மக்களுக்கான வடிகலன்கள் உருவாக்கப்பட்டன.

பிடித்த இரும்பே விடுத்தது

வங்காளத்தின் நிலத்தடியில் ஆர்சனிக் வந்தது எவ்வாறு என்பதை அறிந்தால், இம்மருந்தின் பொருத்தம் நன்கு விளங்கும். இமயமலையின் பாறைகள் சிதைந்து, கங்கையும் பிரம்மபுத்திராவும் அவ்வண்டலைக் கொணர்ந்து குவித்தன. வண்டல் துகள்களின் மீது இரும்புத் துருவின் மெல்லிய பூச்சு இருந்தது. அப்பூச்சு ஆர்சனிக்கைப் பற்றியிருந்தது. வண்டலோடு இலை, தழை முதலியனவும் புதைந்தன. அவற்றை உண்ட நுண்ணுயிர்கள் நிலத்தடியிலிருந்த ஆக்சிஜனைத் தீர்த்துவிட்டு, பின்னர் அதற்கு ஈடாக இரும்புத் துருவையே பயன்படுத்தத் தொடங்கின. துரு கரைந்தது. அதுவரை அது பிடித்திருந்த ஆர்சனிக்கும் நீரில் விடுபட்டது. குழாய்க் கிணறு அந்நீரையே மேலே கொணர்ந்தது.

பூமியின் அடியில் காற்றின்றி நடந்ததைப் பூமியின் மேலே காற்றோடு திருப்பி நடத்துவதே மருத்துவம். கிணற்று நீரைத் திறந்த பாத்திரத்தில் ஓர் இரவு வைத்திருந்தால், அதில் கரைந்த இரும்பு காற்றோடு கூடித் துருவாகி அடியில் படியும். படியும்போது ஆர்சனிக்கில் ஒரு பகுதியையும் பற்றிச் செல்லும். இதனால் மட்டும் நீர் பாதுகாப்பானதாகிவிடாது. எனினும் தத்துவம் இதுவே.

பங்களாதேஷில் பிறந்து அமெரிக்காவில் பேராசிரியராய் விளங்கிய அபுல் உசாம், இத்தத்துவத்தை இரண்டு வாளிகளில் அடக்கிக் காட்டினார். மேல் வாளியில் ஆற்று மணலும் பதப்படுத்திய இரும்புத் துகளும். கீழ் வாளியில் மணலும் மரக்கரியும் செங்கல் துண்டுகளும். மேலே ஊற்றிய நீர் மெல்ல இறங்கும்போது, துருவேறிய இரும்பு ஆர்சனிக்கைப் பிடித்துக்கொள்ளும். மின்சாரம் வேண்டா. இவ்வமைப்புக்கு அமெரிக்கத் தேசியப் பொறியியல் கழகம் 2007இல் 10 இலட்சம் டாலர் பரிசளித்தது. அப்பணத்தின் பெரும்பங்கை ஏழை மக்களுக்கு வடிகலன் வழங்கவே செலவிடப்போவதாக அவர் அறிவித்தார்.

எல்லைகளை அறிதல்

ஒரு மருந்தைப் புகழ்வோர் அதன் எல்லையையும் கூறவேண்டும். முதலாவது, கனிமத்தின் பரப்புக்கு அளவு உண்டு. கணக்கிற்காக, ஒரு கிராம் கனிமம் 1 மில்லிகிராம் ஆர்சனிக்கைப் பிடிக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். கிணற்று நீரில் லிட்டருக்கு 100 மைக்ரோகிராம் இருக்குமாயின், ஒரு கிலோ கனிமம் 10,000 லிட்டர் நீரோடு நிறைந்துவிடும். நாளொன்றுக்கு 20 லிட்டர் எடுக்கும் குடும்பத்துக்கு அது 500 நாள் வரும். நடைமுறையில் அத்தனை நாள் வாராது. நிலத்தடி நீரிலுள்ள பாஸ்பேட்டும் சிலிக்கேட்டும் அதே இடத்துக்குப் போட்டியிடும். இடம் நிறைந்தபின் ஆர்சனிக் தடையின்றி இறங்கும். அன்றும் நீர் தெளிவாகவே இருக்கும், சுவையும் மாறாது. ஆதலால் குறித்த காலத்தில் நீரைச் சோதிப்பதே ஒரே காவல்.

இரண்டாவது, நீரின் புளிப்பும் காரமும் கவனிக்கத்தக்கவை. அமிலத்தன்மை மிகுந்த நீரில் ஹைட்ரஜன் அயனிகள் களிமண்ணின் இடங்களைக் கவர்ந்துகொள்வதால் ஈயம் பிடிபடாது. ஆர்சனேட்டோ காரத்தன்மை மிகுந்த நீரில் நழுவும். மேலும், நிலத்தடி நீரில் ஆர்சனிக்கின் பெரும்பகுதி ஆர்சனைட் என்னும் வடிவில் மின்னூட்டமின்றி இருக்கக்கூடும். அது எளிதில் பிடிபடாது. காற்றாலோ மருந்தாலோ அதனை முதலில் ஆர்சனேட்டாக மாற்றிக்கொள்ளவேண்டும்.

மூன்றாவது, நஞ்சு அழிவதில்லை, இடம் மாறுகிறது. நீரிலிருந்த நஞ்சு இப்போது கல்லில் இருக்கிறது. பயன்படுத்திய கனிமத்தைக் குளத்தங்கரையிலோ சாணக்குழியிலோ கொட்டினால், காற்றில்லாச் சேற்றில் துரு மீண்டும் கரைந்து நஞ்சு வெளிப்படும். சியோலைட்டை உப்பு நீரால் கழுவிப் புதுப்பிக்கலாம். ஆயினும் கழுவிய நீரில் உலோகம் இருக்கும் என்பதை மறத்தலாகாது.

நான்காவது, பொறுப்பாளர் வேண்டும். மேற்கு வங்காளத்திலும் பங்களாதேஷிலும் நிறுவப்பட்ட வடிகலன்கள் பல, கவனிப்பாரின்றிக் கைவிடப்பட்டன. கனிமம் தன் வேலையைச் செய்தது. அதனை மாற்றவேண்டிய நாளை நினைவில் வைப்பவரே இல்லாமற் போயினர். சிலவிடங்களில் வடிகலனைவிட எளிய வழியே பயன் தந்தது. பங்களாதேஷில் 2000க்கும் 2003க்கும் இடையே சுமார் 50 இலட்சம் கிணறுகள் சோதிக்கப்பட்டன. அந்நாட்டின் எல்லையான 50 மைக்ரோகிராமைக் கடந்தவற்றுக்குச் சிவப்பும், மற்றவற்றுக்குப் பச்சையும் பூசப்பட்டன. ஏறக்குறைய பத்தில் மூன்று சிவப்பாயின. அருகிலேயே பச்சைக் கிணறு இருந்தால் அங்கே நீர் எடுப்பதே சிறந்தது. பச்சைக் கிணறு இல்லாத ஊர்களுக்கே வடிகலன் உயிர்நாடி.

வகுப்பறையில் ஒரு சோதனை

இத்தத்துவத்தை மாணவர்க்கு நஞ்சின்றிக் காட்ட இயலும். அடி நறுக்கிய இரண்டு புட்டிகளைத் தலைகீழாக நிறுத்தி, வாயில் பஞ்சடைத்து, ஒன்றில் கழுவிய மணலையும் மற்றொன்றில் மணலோடு பொடித்த களிமண்ணைக் கலந்தும் நிரப்பவேண்டும். களிமண்ணை மட்டும் இட்டால் நீர் இறங்காது. மெதிலீன் நீலம் என்னும் சாயத்தை நீரில் வெளிறக் கரைத்து இரண்டிலும் ஊற்றினால், மணலில் நீலம் பெரும்பாலும் இறங்கிவிடும். களிமண் கலந்ததில் நிறம் தங்கிவிடும். மெதிலீன் நீலம் நேர்மின்னூட்டம் கொண்டது. அடுத்து, எதிர்மின்னூட்டம் கொண்ட ஈயோசின் என்னும் சிவப்புச் சாயத்தைப் புதிய களிமண்ணில் ஊற்றினால் அது பெரும்பாலும் நில்லாது இறங்கும். ஒரே மண் ஒன்றைப் பிடித்து மற்றொன்றை விட்டது ஏன் என்ற வினா மாணவரிடமிருந்தே எழும். செம்மண்ணில் ஊற்றினால் சிவப்பும் ஓரளவு தங்கக் காணலாம். அங்கிருந்து இரும்பின் கதையைத் தொடங்கலாம்.

தெளிவு வேறு, தூய்மை வேறு என்பதே வங்காளக் கிணறுகள் புகட்டிய பாடம். சேற்றைத் தேற்றாங்கொட்டை நீக்கியது. கிருமியைத் தீயும் குளோரினும் நீக்கின. கரைந்த உலோகத்தை நீக்கக் கல்லும் மண்ணும் துணை நிற்கின்றன. ஒவ்வொரு தீங்கிற்கும் அதற்குரிய மாற்று உண்டு. எந்நீரில் எத்தீங்கு உள்ளது என்பதைச் சோதித்தறிந்த பின்னரே மாற்றைத் தேடவேண்டும். கண்ணால் கண்டு மட்டும் நீரை நம்பலாகாது என்பதை இளமையிலேயே கற்பிப்பது பள்ளியின் கடமை.